நீலக் குண்டானில் பால்

போன மாதம் என் பழைய துறையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெங்களூரில் ஒரு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சித் துறை அது. முப்பத்து நான்கு வருடம் அங்கே பிள்ளைகளின் உயரமும் எடையும் அளந்தவள் நான். பிஸ்கட் கம்பெனி ஒன்றின் பணத்தில் புது ஆராய்ச்சி வருகிறதாம். புதிதாக எடுத்த ஆட்களுக்கு அளக்கப் பழக்கிவிட இரண்டு நாள் வர முடியுமா என்று கேட்டாள். வருகிறேன் என்றேன். கம்பெனிப் பணம் என்றால் கொஞ்சம் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று பேச்சுவாக்கில் சொல்லியும் வைத்தேன்.

"அதெல்லாம் இப்போ பிரச்சனையே இல்லக்கா. பேப்பர் அடியில யாரு ஃபண்டுன்னு போட்டுர்றோம்ல? ஒளிவு மறைவே கெடையாது" என்றாள்.

போனை வைத்த பிறகும் எரிச்சல் அடங்கவில்லை. அவள்மேல் இல்லை, நல்ல பெண்தான். எங்கள் காலத்திலும் அடியில் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். யார் பணம் என்று போட ஒரு வரி இருக்கிறது. யார் கேள்வி என்று போட எந்தத் தாளிலும் இடம் கிடையாது. அந்த வித்தியாசம் எனக்குப் புரிய இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. அது புரிந்த கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பெங்களூர் மர்பி டவுன்காரி. எஸ்எஸ்எல்சி முடித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, கோவிலில் பங்குச்சாமியார் எழுதிக்கொடுத்த சிபாரிசுக் கடிதத்தோடு அந்தத் துறைக்குப் போனேன். ஆறு மாத வேலை என்றார்கள். ரிடையர் ஆகித்தான் வெளியே வந்தேன். பிலோமினா என்ற என் பெயர் முதல் வாரத்திலேயே பிலோ ஆகி, பிறகு பிலோ அக்கா ஆனது. படிப்பு அவ்வளவுதான், மிச்சமெல்லாம் அங்கே கற்றது.

கற்றுக்கொடுத்தவர் டாக்டர் வசுந்தரா. சிக்கமகளூர்க்காரர். தமிழை எங்களிடமிருந்தே பழகியதால் பாதி கன்னடமும் பாதி மர்பி டவுனுமாகப் பேசுவார். அவரை நாங்கள் மேடம் என்போம். மேடம் கத்தி யாரும் கேட்டதில்லை. எந்தத் தாளைக் கொடுத்தாலும் நின்றுகொண்டே படிப்பார். உட்கார்ந்து படித்தால் தூக்கம் வரும், தப்பு தப்பிவிடும் என்பார். படித்து முடித்துப் பேனாவை மூடினால் எங்களுக்கு உயிர் வரும். மூடாமல் "இன்னொந்து சல" என்று சொல்லிவிட்டால் அன்று மாலை வீட்டுக்குப் போக நேரமாகும். இன்னொரு தடவை என்று அதற்குப் பொருள். அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. எங்காவது கணக்கு இடித்தால், என்ன செய்தாய் என்று கேட்கவே மாட்டார். "கேட்டா எல்லாரும் ரூல்ஸ் சொல்லுவாங்க பிலோ. செஞ்சு காட்டச் சொல்லு" என்பார்.

உயரம் அளப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் அளந்து பார்க்காதவர்கள். ஷூவும் சாக்ஸும் கழற்ற வேண்டும். குதிகால், பிட்டம், தோள், பின்மண்டை நான்கும் பலகையில் பட வேண்டும். காதுத் துளையும் கண்ணின் கீழ்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். தாடையைக் கையால் தாங்கி, மூச்சை இழுக்கச் சொல்லி, மேல்பலகையை முடி அமுங்கும்வரை இறக்க வேண்டும். ரெட்டைச் சடை மடித்துக் கட்டிய பெண் பிள்ளைகளுக்கு ரிப்பனை அவிழ்த்தே ஆக வேண்டும். அதற்கு அம்மாக்களிடம் நான் வாங்கிய திட்டைத் தனிப் புத்தகமாகப் போடலாம். காலையில் அளந்த பிள்ளை சாயங்காலம் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும், ஓடி ஆடி முதுகெலும்பு அமுங்கிவிடும். அதனால் எல்லாரையும் ஒரே நேரத்தில், காலையிலேயே அளப்போம். ஒரு பிள்ளைக்கு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் பலகையை விட்டு நடந்து போய்த் திரும்பி வந்து நிற்க வேண்டும். நான் சத்தமாகச் சொல்வேன், எழுதுகிறவள் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதுவாள். என் கை சுத்தம் என்று அந்தத் துறையில் பெயர் இருந்தது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. இன்றைக்கும் உண்டு.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடத்தில் ஒரு எண்ணை மாற்றி எழுது என்று எந்தக் கம்பெனிக்காரரும் என்னிடம் கேட்டதில்லை. சினிமாவில் வருகிற மாதிரி பெட்டியோடு யாரும் வரவில்லை. வந்தவர்கள் படித்தவர்கள், மரியாதையானவர்கள், கிறிஸ்துமஸுக்கு கேக் அனுப்புகிறவர்கள். ஆரம்ப காலத்தில் ஒரு சமையல் எண்ணெய்க் கம்பெனிக்காக வேலை செய்தோம். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தோம். வீட்டில் வழக்கமாக ஊற்றும் கடலை எண்ணெயைவிட அவர்கள் எண்ணெய் ஒன்றும் உசத்தி இல்லை என்று முடிவு வந்தது. அறிக்கை போயிற்று. நன்றிக் கடிதம் வந்தது. அதோடு சரி. அந்த முடிவு எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. மேடத்திடம் கேட்டேன். "யாரும் வேண்டாம்னு சொல்லல பிலோ. யாரும் வேணும்னும் சொல்லல" என்றார். அப்போது எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை.

அதற்குப் பல வருடம் கழித்துத்தான் அந்த சத்துபான ஆராய்ச்சி வந்தது.

கம்பெனி எங்களுக்கு ஏற்கெனவே வேண்டப்பட்டது. எங்கள் மாடியில் இருந்த எலும்பு ஸ்கேன் மெஷின் அவர்கள் வாங்கிக் கொடுத்தது. அவர்கள் தரப்பில் வந்து போனவர் ரகு, சென்னைக்காரர், உணவு அறிவியல் படித்தவர். அவர்கள் பவுடரைக் குடித்த பிள்ளைகள் நன்றாக வளர்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இரண்டு பள்ளிகள், ஒன்று மர்பி டவுனில், இன்னொன்று ஜோகுபாளையத்தில். ஒவ்வொரு பள்ளியிலும் பாதிப் பிள்ளைகளுக்கு ஒரு பவுடர், மீதிப் பேருக்கு இன்னொரு பவுடர். ஒன்று கம்பெனியின் சத்துபானம், பால்பவுடரும் விட்டமின்களும் சேர்ந்தது. மற்றது அதே நிறம், அதே சாக்லேட் வாசனை, உள்ளே மாவும் சர்க்கரையும் மட்டும். இரண்டையும் வெந்நீரில் கலக்க வேண்டும். பாக்கெட்டில் சிவப்பு லேபிள், நீல லேபிள் என்று மட்டும் இருக்கும். எது எது என்று எனக்கோ ஆசிரியர்களுக்கோ பிள்ளைகளுக்கோ தெரியாது. ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான் பிரித்துச் சொல்வார்கள்.

திட்டம் பேசிய கூட்டத்தில் நானும் இருந்தேன். மேடம் தாளை நின்றுகொண்டே படித்தார்.

"ரகு, மூணாவதா வெறும் பால் ஒண்ணு வெக்கலாமே? மூணு குண்டான். பாலுக்கும் உங்க பவுடருக்கும் எவ்ளோ வித்தியாசம்னு தெரிஞ்சுரும்."

ரகு கோபப்படவில்லை. சிரித்தார். "நல்ல கேள்விதான் மேடம். ஆனா அது எங்க கேள்வி இல்லையே. எங்க பவுடர் வேலை செய்யுதா இல்லையா, அத மட்டும்தான் நாங்க கேக்கறோம்."

மேடம் தாளை மேஜைமேல் வைத்தார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். அதில் பொய் எதுவும் இல்லை, சட்டத்துக்கு விரோதமாகவும் எதுவும் இல்லை. ஒன்றுமில்லாததோடு ஒப்பிட்டால் ஏதோ ஒன்று ஜெயிக்கத்தான் செய்யும் என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

தினமும் காலை பத்தரை மணி இடைவேளையில் பானம் கொடுக்க வேண்டும். மர்பி டவுன் பள்ளி என் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை, அங்கே நான் தினமும் நின்றேன். கலப்பதைப் பார்ப்பேன், ஒவ்வொரு பிள்ளையும் டம்ளரைக் காலி செய்ததா என்று எட்டிப் பார்த்து டிக் போடுவேன். ஜோகுபாளையத்தில் கலந்து கொடுத்தவர் பள்ளி ஆயா முனியம்மா. அங்கே நான் மத்தியானம்தான் போவேன். அதற்குள் குண்டானெல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கும். தினப் பதிவுத் தாளில் 'முறைப்படி கலக்கப்பட்டது, மேற்பார்வையிட்டேன்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் வாரம் முழுவதற்கும் சேர்த்துச் சனிக்கிழமை கையெழுத்துப் போடுவேன். வெளிவேலை பார்க்கிற எங்களுக்குள் இதற்குச் சனிக்கிழமைக் கையெழுத்து என்றே பெயர். எல்லாரும் செய்தார்கள் என்பது சமாதானம் ஆகாது, நானும் செய்தேன்.

ஒன்பது மாதம் முடிந்தது. கம்பெனி ரகசியத்தைப் பிரித்தது. சிவப்பு சத்துபானம், நீலம் மாவும் சர்க்கரையும். மர்பி டவுனில் சிவப்புப் பிள்ளைகள் நீலப் பிள்ளைகளைவிடத் தெளிவாக வளர்ந்திருந்தார்கள். ஜோகுபாளையத்தில் வித்தியாசமே இல்லை. இரண்டு பக்கமும் நன்றாக வளர்ந்திருந்தார்கள், மர்பி டவுன் சிவப்புப் பிள்ளைகள் அளவுக்கு.

கம்பெனி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஜோகுபாளையத்தில் அளவெடுப்பதில் பிழை நேர்ந்திருக்கலாம், அளந்தவரின் திறமையைச் சரிபார்க்கவும் என்று மிகவும் பண்பாக எழுதியிருந்தார்கள். அளந்தவள் நான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அழுகை வரவில்லை, கெட்ட வார்த்தைதான் வந்தது.

மேடம் கடிதத்தை மடித்தார். "இன்னொந்து சல" என்றார்.

கம்பெனியே வேறு ஊரிலிருந்து அளக்கத் தெரிந்த ஒருவரை அனுப்பியது. பள்ளியில் நடுவே ஒரு திரை போட்டோம். இந்தப் பக்கம் நான் அளந்த பிள்ளையை அந்தப் பக்கம் அவர் அளந்தார். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ரகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிப் பிள்ளை முடிந்ததும் நிமிர்ந்து, "சாரி அக்கா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை எனக்கு இன்றும் பிடிக்கும்.

அளவு சரி. அப்படியானால் வேறு எது தப்பு? எல்லாரும் போன பிறகு நான் பள்ளிச் சமையலறைக்குப் போனேன். முனியம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு சந்தில் வீடு, வீட்டுக்குப் பின்னால் இரண்டு மாடு. காலையில் கேனில் பால் கொண்டுவந்து டீச்சர்களின் காபிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வீதியில் வீடு வீடாக விற்பார். மேடத்தின் பாடம் ஞாபகம் வந்தது. நான் எதையும் கேட்கவில்லை. மீந்திருந்த பாக்கெட்டில் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று எடுத்துக் கொடுத்து, "தெனம் எப்படிக் கலக்குவீங்களோ அப்படியே ஒரு தரம் கலக்கிக் காட்டுங்கம்மா" என்றேன்.

அடுப்பைப் பற்றவைத்தார். சிவப்புக் கோடு போட்ட குண்டானில் தண்ணீர் ஊற்றினார். நீலக் கோடு போட்ட குண்டானை வைத்தார். மூலையிலிருந்த கேனைத் தூக்கி அதில் பாலை ஊற்றினார். கை கொஞ்சமும் தயங்கவில்லை.

"இன்னாம்மா இது?" என்றேன்.

"பால்."

"தண்ணிதானே ஊத்தச் சொன்னோம்?"

"சொன்னீங்க. மொத மாசம் தண்ணிதான் ஊத்துனேன். அப்பறம் ஒரு நா ரெண்டுத்தையும் நாக்குல வெச்சுப் பாத்தேன். செகப்புல பால் வாசன வருது. நீலத்துல ஒண்ணுமே இல்ல, சக்கரத் தண்ணி. ஒரே பெஞ்சுல ஒக்காந்துகினு ஒரு புள்ள பாலு குடிக்குது, பக்கத்துல இருக்கறது தண்ணி குடிக்குது. அத்த பாத்துகினு நிக்கச் சொல்றியா? எனக்கு மனசு வரல. வீட்ல மாடு கறக்குது. ஊத்துனேன்."

"எட்டு மாசமா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வேணாம்ப. நீ நல்லவதான் பிலோ. ஆனா நோட்டுக்காரி, எல்லாத்தயும் எழுதிருவ."

ரகசியக் குறியீடு, லேபிள், பூட்டிய உறை எல்லாம் போட்டு நாங்கள் மறைத்ததை அந்த அம்மா நாக்கால் கண்டுபிடித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. எட்டு மாதச் சனிக்கிழமைக் கையெழுத்துகள் என்னுடையவை.

ஜோகுபாளையத்திலிருந்து ஓல்டு மெட்ராஸ் ரோடு வரைக்கும் நடந்தேன். பஸ் ஏறத் தோன்றவில்லை. இதை நான் சொன்னால் முறை மீறல். விதிப்படி அந்தப் பள்ளியையே கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது மர்பி டவுன், கம்பெனிக்கு முழு வெற்றி. சொல்லாவிட்டால் இரண்டு பள்ளியும் நிற்கும், பவுடரின் பெருமை பாதியாகும், என் கை சுத்தம் என்பது ஏற்கெனவே ரகு முன்னாலேயே நிரூபணம் ஆகிவிட்டது, முனியம்மா வேலைக்கும் ஆபத்து இல்லை. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். உண்மையைச் சொன்னால் உண்மை தோற்கும் என்கிற மாதிரி ஒரு இக்கட்டு. நான் ரொம்ப நேரம் யோசித்தேன் என்று எழுதினால் அது பொய். பாதி ரோட்டிலேயே தெரிந்துவிட்டது. நீலக் குண்டானில் தண்ணீர் இருந்தது என்று என் கையெழுத்தோடு ஒரு தாள் இருக்கிறது, அது தப்பு. தப்பான தாளை வைத்துக்கொண்டு கம்பெனியை நான் எந்த முகத்தோடு குறை சொல்ல முடியும்?

எல்லாவற்றையும் எழுதி மேடத்திடம் கொடுத்தேன், நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதையும் சேர்த்து. அவர் நின்றுகொண்டு படிக்க ஆரம்பித்தார். பாதியில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். நான் அப்படிப் பார்த்தது அது ஒரு தடவைதான்.

"பிலோ, நான் கேட்ட மூணாவது குண்டான் இது" என்றார்.

"ஆமா மேடம்."

"எனக்கு குடுக்க மாட்டேன்னாங்க. அந்த ஆயாம்மா குடுத்துட்டா." சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "ஆனா இத வெச்சு ஜாஸ்தி ஒண்ணும் பேச முடியாது. சின்ன ஸ்கூல். பிளான் பண்ணாதது. எவ்ளோ பால்னு அளந்தது கெடையாது. இதுவே புரூஃப்னு நான் சொன்னா, அவங்க பண்றதத்தான் நானும் பண்றேன்."

"அப்போ விட்டுர்றதா?"

"யார் விடச் சொன்னா? நடந்தத நடந்தபடி ஒரு டேபிளாப் போடலாம். பாலோட கலந்துட்டாங்கன்னு சொல்லியே போடலாம். படிக்கறவங்க முடிவு பண்ணட்டும்."

கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தப்படி எண்கள் அவர்களுக்குச் சொந்தம். அவர்கள் பார்க்காமல் எதையும் வெளியிடக் கூடாது. அந்த ஒப்பந்தத்தில் இருந்தது மேடத்தின் கையெழுத்து. மூன்று மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. மாடியிலிருந்த மெஷினைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அதன் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் காகிதம் மட்டும் ஏனோ தாமதமாகிக்கொண்டே போனது. கடைசியில் கட்டுரை வந்தது, மர்பி டவுன் பள்ளி மட்டும். 'முறை பின்பற்றப்படாததால் ஒரு பள்ளி நீக்கப்பட்டது' என்று ஒரு வரி. அடியில் யார் பணம் என்று ஒரு வரி. வார்த்தைக்கு வார்த்தை உண்மை. முதல் பெயர் மேடத்துடையது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, முகத்துக்கு நேரே சொன்னேன். "என் பேரை எடுத்துட்டா வேற பேர் வெச்சு இதே பேப்பர் வரும் பிலோ. அந்த ஒரு வரிகூட இருக்காது" என்றார். அவர் சொன்னது சரியா என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஜோகுபாளையம் பள்ளித் தலைமை ஆசிரியை முனியம்மாவை நிறுத்தப் பார்த்தார். பள்ளிக்குக் கம்பெனி தருவதாகச் சொல்லியிருந்த தண்ணீர் பில்டர் போய்விடும் என்ற பயம். மேடம் நேரில் போனார். "தப்பு எங்களது. கையெழுத்து எங்க ஆளோடது, அதுக்கு மெமோ குடுத்தாச்சு. உங்க ஆயா புள்ளைங்களுக்குப் பால் குடுத்திருக்காங்க, அதுக்கு எந்த ரூல்ல தண்டன இருக்குன்னு காட்டுங்க" என்றார். மெமோ உண்மைதான். என் சர்வீஸில் நான் வாங்கிய மெமோ அது ஒன்றுதான், வாங்க வேண்டியதுதான்.

பிறகு பெற்றோர் கூட்டம். ஆராய்ச்சி முடிந்தால் பங்கெடுத்த குடும்பங்களைக் கூப்பிட்டு முடிவைச் சொல்ல வேண்டும், அது எங்கள் துறையின் வழக்கம். வருகிற அம்மாக்களுக்கெல்லாம் கம்பெனி ஆளுக்கொரு டப்பா அனுப்பியிருந்தது. தமிழில் பேச வேண்டியது நான். முதல் நாள் மேடம் கூப்பிட்டார்.

"ஒப்பந்தத்துல பப்ளிஷ் பண்ணக் கூடாதுன்னுதான் இருக்கு. புள்ளைங்களோட அம்மாகிட்ட பேசக் கூடாதுன்னு இல்ல. நான் முழுசாப் படிச்சுப் பாத்துட்டேன், நின்னுகிட்டே. நீ பேசு. நான் பக்கத்துல ஒக்காந்திருக்கேன்."

ஜோகுபாளையம் பள்ளி ஹாலில் அம்மாக்கள் நிறைந்திருந்தார்கள். முன்வரிசையில் ரகு. ஓரத்தில் முனியம்மா, கூப்பிட்டால் ஓடிவிடத் தயாராக வாசலை ஒட்டி நின்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. சிவப்பில் என்ன, நீலத்தில் என்ன என்று சொன்னேன். நீலத்தில் தண்ணீருக்குப் பதில் பால் ஊற்றப்பட்டது, அதை மேற்பார்வை பார்த்திருக்க வேண்டிய நான் பார்க்கவில்லை, அதனால் இந்தப் பள்ளிக் கணக்கை எடுத்துவிட்டார்கள் என்றேன். அளந்தவரையில் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே மாதிரி வளர்ந்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன்.

பின்னாலிருந்து ஒரு அம்மா எழுந்தார். "அப்போ டப்பா வாங்கணுமா, பால் வாங்கணுமா? அத்த சொல்லுங்க."

"பால் கெடச்சா பால். பாலே கெடைக்காத எடத்துல வெறும் சக்கரத் தண்ணிக்கு இந்த டப்பா மேல். எங்களுக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்மா. பாலவிட இது ஒசத்தின்னு நாங்க பாக்கவே இல்ல."

எல்லாரும் டப்பாவை வாங்கிக்கொண்டுதான் போனார்கள். சும்மா வருவதை யார் விடுவார்கள்? முனியம்மாவே ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். "பால்ல போட்டா நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

ரகு கடைசியாக எழுந்தார். "மேடம், இத நான் மேல எழுத வேண்டி வரும்."

"எழுதுங்க ரகு. அக்கா சொன்னத அப்படியே எழுதுங்க. ஒரு வார்த்த விடாதீங்க" என்றார் மேடம்.

அதன்பிறகு அந்தக் கம்பெனி எங்களிடம் வரவில்லை. ஸ்கேன் மெஷின் ஒரு வருடம் துணி மூடிக் கிடந்தது. இரண்டு பேரை வேலையை விட்டு அனுப்ப வேண்டி வந்தது, அது சின்ன விஷயமில்லை. பிறகு அரசாங்கப் பணம் கொஞ்சம் வந்தது. வேறு கம்பெனிகளும் வந்தன, அவர்களோடும் வேலை செய்தேன். கம்பெனிப் பணம் என்றாலே தீட்டு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பணம் இல்லாவிட்டால் பாதிப் பிள்ளைகளை யாரும் அளந்தே இருக்க மாட்டார்கள். ஆனால் ரிடையர் ஆகும்வரை ஒவ்வொரு திட்டக் கூட்டத்திலும் முதல் கேள்வி நான்தான் கேட்டேன்: இன்னொரு டம்ளரில் என்ன ஊற்றப் போகிறீர்கள்? மூன்று தடவையாவது அந்தக் கேள்வியால் திட்டம் மாறியது. சனிக்கிழமைக் கையெழுத்தையும் நிறுத்தினேன், எனக்குக் கீழே வேலை பார்த்த எல்லாரையும் நிறுத்த வைத்தேன். இரண்டு நாள் வகுப்பில் அந்தப் பெண்ணுக்கும் இவற்றைத்தான் சொல்லப் போகிறேன், சடையை அவிழ்ப்பதற்கு முன்னால்.

மர்பி டவுன் கூட்டத்தைப் பற்றி மட்டும் இன்னும் எழுதவில்லை. வேண்டுமென்றே தள்ளிவைத்தேன். ஜோகுபாளையத்துக்கு மறுநாள் அது நடந்தது. எல்லாம் முறைப்படி நடந்த பள்ளி, கட்டுரையில் வந்த பள்ளி. அங்கே சொல்வதற்கு மீறல் எதுவும் இல்லை. கூட்டம் முடிந்து, டப்பாக்கள் தீர்ந்து, எல்லாரும் கலைந்த பிறகு ஜெசிந்தா மட்டும் நின்றாள். எங்கள் தெருவில் நாலாவது வீடு. அவள் மகள் ஷைனி ஆராய்ச்சியில் இருந்தாள். ஒப்புதல் படிவத்தை அவளுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கியதும் நான்தான்.

"அக்கா, எங்க ஷைனிக்கு எது?"

பட்டியல் கையில் இருந்தது. பார்க்கத் தேவை இருக்கவில்லை. "நீலம்" என்றேன்.

"மாவும் சக்கரையுமா?"

"ஆமா."

"ஒம்போது மாசமும்?"

"ஆமா ஜெசி."

"ரெண்டுல ஒண்ணு குடுப்போம்னு படிச்சீங்க. ரெண்டும் நல்லதுதான்போலன்னு நெனச்சுகினு கையெழுத்து போட்டேன்." அவள் சண்டைக்கு வரவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஜோகுபாளையத்துல ஒரு ஆயாம்மா பால் ஊத்துனாங்களாமே. எங்க ஸ்கூல்ல அப்படி ஒருத்தரும் இல்லியா அக்கா?"

அந்தப் பள்ளியில் ஒன்பது மாதமும் தினம் பத்தரை மணிக்கு நின்றவள் நான். இரண்டு குண்டானில் ஒன்றில் சத்து இல்லை என்பது எனக்கு முதல் நாளே தெரியும். ஷைனி டம்ளரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாளா என்று எட்டிப் பார்த்து டிக் போட்டவளும் நான்தான்.

"நான் இருந்தேன் ஜெசி" என்றேன்.